திரைக்கதை எழுதுவதும் வடிவமைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைக்கதை எழுதத் தொடங்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். குறும்படமோ, முழுநீளப் படமோ, வெப் சீரிஸோ, அடிப்படை மாறுவதில்லை. கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் ஆக்‌ஷன் வரிகள் (திரையில் நடப்பதைச் சொல்லும் வரிகள்) பற்றிய பதிலை மட்டும் தவறவிடாதீர்கள். புதிதாக எழுதுபவர்களின் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறது.

கதை என்னிடம் இருக்கிறது. திரைக்கதை என்று தனியாக எதை எழுத வேண்டும்?

என்ன நடந்தது என்பது கதை. அதைப் பார்வையாளர் எந்த வரிசையில், எதைப் பார்த்து, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார் என்பது திரைக்கதை. "பல வருடம் பேசாமல் இருந்த அப்பாவும் மகளும் கடைசியில் பேசிக்கொள்கிறார்கள்" என்று ஒரு கதை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சண்டைக்குக் காரணம் என்ன என்று முதல் சீனிலேயே காட்டுவதா, பாதிப் படம் வரை மறைத்து வைப்பதா? மகளோடு கூடவே போய்ச் சொல்வதா, அப்பாவோடு வீட்டிலேயே இருந்து சொல்வதா? இந்த முடிவுகளை எடுப்பதுதான் திரைக்கதை எழுதுவது. ஒரே கதையை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு படம் வருவது இதனால்தான்.

நாவலாசிரியர் பாத்திரத்தின் மனதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. படமும் ஒலியும் மட்டும்தான் உங்கள் கையில் இருப்பவை.

ஃபார்மட் அவ்வளவு முக்கியமா? கதை நன்றாக இருந்தால் போதாதா?

கதை நன்றாக இருப்பதுதான் முதல் விஷயம். ஆனால் ஸ்கிரிப்டைக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் கதைக்காக எடுப்பதில்லை. எத்தனை இடம், எத்தனை இரவுக் காட்சி என்று கணக்கெடுக்க உதவி இயக்குநர் எடுக்கிறார். நடிகர் தன் பெயரைத் தேடுகிறார். இது அதே நாளா, மறுநாளா என்று உடைகளைக் கவனிப்பவர் பார்க்கிறார். இந்தக் குரல் அறைக்குள்ளிருந்து வருகிறதா, போனிலிருந்து வருகிறதா என்று ஒலிப்பதிவாளருக்குத் தெரிய வேண்டும். இத்தனை பேரும் ஒரே தாளிலிருந்து தங்களுக்கு வேண்டியதை ஒரு பார்வையில் எடுக்க வேண்டும். அதற்காகத்தான் இடம் தனி வரியில், செயல் தனிப் பத்தியில், பெயர் நடுவில், வசனம் ஒடுங்கிய பத்தியில் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய வேலை இருக்கிறது. அது யாருடையது என்று புரிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

நேராக முதல் சீனிலிருந்து எழுத ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். முப்பதாவது பக்கத்தில் பலர் நின்றுபோவது அப்படி ஆரம்பித்ததால்தான்.

முதலில் ஒன்லைன். யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பார் என்ற நான்கும் ஒன்றிரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எழுதும் திறமையில் குறை இல்லை, கதை இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஒரு பக்கத்தில் சினாப்சிஸ், அதாவது கதைச் சுருக்கம். முடிவையும் அதில் சேர்த்தே எழுதுங்கள். "முடிவு சஸ்பென்ஸ்" என்று விட்டு வைப்பது உங்களையே ஏமாற்றிக்கொள்வது.

அதற்கு அடுத்தது சீன் ஆர்டர், அதாவது எந்த சீனுக்குப் பிறகு எது என்ற வரிசை. என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான வேலை. ஒரு சீனுக்கு ஒரு சிறிய அட்டை எடுத்து, இடம், யார் யார், அந்த சீனில் எது மாறுகிறது என்று மூன்று விஷயத்தை மட்டும் எழுதித் தரையில் பரப்புங்கள். எது மாறுகிறது என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லாத அட்டைகள் தானாகத் தெரிந்துவிடும். ஒரு அட்டையைத் தூக்கிப் போடுவது சுலபம். ஆசையாக எழுதி முடித்த நான்கு பக்கத்தைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது.

சீன் ஆர்டரை உரைநடையில் விரித்து எழுதினால் அது ட்ரீட்மென்ட். சிலருக்கு அது உதவும், சிலர் அட்டையிலிருந்து நேராக ஸ்கிரிப்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டும் சரிதான்.

பக்கம் பார்க்க எப்படி இருக்க வேண்டும்?

ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட அளவுகள்தான் எல்லோருக்கும் அளவுகோல். எழுத்துரு கூரியர், அளவு 12. இடது ஓரம் 1.5 அங்குலம், மற்ற ஓரங்கள் 1 அங்குலம். இடப்பக்கம் அரை அங்குலம் அதிகம் விடுவது, துளை போட்டுக் கட்டும்போது எழுத்து மறையாமல் இருக்க. வசனம் தாளின் இடது விளிம்பிலிருந்து சுமார் 2.5 அங்குலத்தில் தொடங்கும், பேசுபவர் பெயர் சுமார் 3.7 அங்குலத்தில். பக்க எண் வலது மேல் மூலையில். முதல் பக்கத்துக்கு எண் கிடையாது.

முன்னால் தனியாக ஒரு தலைப்புப் பக்கம். படத்தின் பெயர், எழுதியவர் பெயர், தொடர்பு விவரம், அவ்வளவுதான். படமோ அலங்கார எழுத்தோ வேண்டாம்.

இவற்றை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, திரைக்கதைக்கென்றே உள்ள சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். விளம்பரப் படத்துக்கும் ஆவணப் படத்துக்கும் வேறு முறை ஒன்று உண்டு. பக்கத்தை நடுவில் பிரித்து, இடப்பக்கம் தெரிவதையும் வலப்பக்கம் கேட்பதையும் எழுதுவார்கள். கதைப் படங்களையும் அப்படி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் யாரோடு வேலை செய்கிறீர்களோ அவர்களுக்குப் பழகிய முறையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சீன் ஹெடிங்கில் என்னென்ன வர வேண்டும்?

ஒவ்வொரு சீனின் தொடக்கத்திலும் வரும் தலைப்பு வரி அது. அதில் மூன்றே விஷயம்: உள்ளா வெளியா, எந்த இடம், எந்த நேரம்.

உள். ராகவன் வீடு – சமையலறை – இரவு

இடம் மாறினாலோ நேரம் மாறினாலோ புது ஹெடிங் போட வேண்டும். சமையலறையில் பேசிக்கொண்டே கூடத்துக்கு வந்துவிட்டால்? கூடம் வேறு இடம். விளக்கு வேறு, கேமரா வைக்கும் இடம் வேறு, ஒருவேளை படப்பிடிப்பு நாளே வேறாக இருக்கலாம். எனவே புது ஹெடிங்.

ஒரு இடத்துக்கு ஒரே பெயரைக் கடைசிவரை வைத்திருங்கள். மூன்றாவது சீனில் "ராகவன் வீடு – கூடம்", பத்தாவது சீனில் "அப்பா வீடு – ஹால்" என்று எழுதினால், பட்டியல் எடுப்பவர் இரண்டு வீடு தேட வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். நேரத்துக்குப் பகல், இரவு இரண்டும் பெரும்பாலும் போதும். அதிகாலை, அந்தி என்று எழுதுவதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். அந்த வெளிச்சம் ஒரு நாளில் கொஞ்ச நேரமே இருக்கும், அதற்காக மொத்தக் குழுவும் காத்திருக்க வேண்டும். கதைக்கு அது வேண்டும் என்றால் தைரியமாக எழுதுங்கள், அழகுக்காக மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். "மாலை 5.40" என்று எழுதுவதாக இருந்தால் திரையில் ஒரு கடிகாரமாவது தெரிய வேண்டும்.

ஆக்‌ஷன் வரிகளை எப்படி எழுதுவது?

நிகழ்காலத்தில், சின்னச் சின்னப் பத்திகளில், கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் முடிவதை மட்டும். சொல்வது சுலபம், கடைப்பிடிப்பது கஷ்டம். மேலே சொன்ன அப்பா மகள் கதையிலிருந்து ஒரு சீனைப் பார்ப்போம். முதல் முறை எழுதும்போது பலருக்கும் இப்படித்தான் வரும்:

"ராகவனுக்கு மகள் மீனா மேல் பல வருடக் கோபம். இன்று அவள் வருவாள் என்று உள்ளூர எதிர்பார்க்கிறார். ஆனாலும் அதைக் காட்டிக்கொள்ள அவருக்கு மனமில்லை. மீனா வருகிறாள். அவளுக்கு அப்பாவின் மனது புரிந்துவிடுகிறது."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேமராவை எதன் மேல் வைப்பது? நடிகர் என்ன செய்வார்? இதில் படம் பிடிக்க முடிந்த ஒரே வாக்கியம் "மீனா வருகிறாள்". இதே உணர்ச்சிகளைச் செயலாக மாற்றினால்:

உள். ராகவன் வீடு – சமையலறை – இரவு

ராகவன் (62) இரண்டு தட்டுகளைக் கழுவி மேசையில் வைக்கிறார்.

வெளியே கேட் திறக்கும் சத்தம். அவர் கை நிற்கிறது. ஒரு தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடுகிறார். உட்கார்ந்து, மீதி இருக்கும் தட்டில் வேகமாகப் பரிமாறிக்கொள்கிறார்.

வாசலில் மீனா (30), தோளில் பயணப் பை.

மீனா
சாப்பிட்டீங்களாப்பா?

ராகவன்
(நிமிராமல்)
பார்த்தா தெரியலையா?

மீனா அலமாரியைத் திறக்கிறாள். ஈரம் காயாத தட்டு. அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எடுத்துவந்து அவருக்கு எதிரே உட்காருகிறாள்.

எதிர்பார்ப்பு, கோபம், வீம்பு, மகள் அதைக் கண்டுபிடிப்பது எல்லாம் ஒரு தட்டில் வந்துவிட்டன. "புரிந்துவிடுகிறது" என்ற சொல்லே தேவைப்படவில்லை, ஈரம் அந்த வேலையைச் செய்துவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள்: "கழுவி" என்ற சொல் முதல் வரியில் சும்மா வரவில்லை. அது இல்லையென்றால் கடைசியில் ஈரம் இருக்காது. ஆக்‌ஷன் வரியில் வரும் ஒவ்வொரு பொருளையும் இப்படிக் கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது பின்னால் வேலை செய்கிறதா, சும்மா நிற்கிறதா?

பத்தி பிரிப்பதும் இதில் சேர்ந்ததுதான். பார்வையாளர் கவனம் புதிதாக ஒன்றின்மேல் போகும் இடத்தில் புதுப் பத்தி தொடங்குங்கள். நான்கு வரியைத் தாண்டிய பத்தியைப் படிப்பவர்கள் தாவிவிடுவார்கள், அதில்தான் உங்கள் முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கும்.

"போல", "மாதிரி" போன்றவற்றை அறவே தவிர்க்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். "யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்புகிறார்" என்று எழுதினால் நடிகருக்குத் தெளிவாகப் புரியும். நடித்துக் காட்ட முடிந்தால் எழுதலாம்.

குளோசப், டாப் ஆங்கிள் என்று கேமராவைக் குறிப்பிடலாமா?

நீங்களே இயக்கப் போவதாக இருந்தால் உங்கள் விருப்பம். வேறொருவர் படிக்கப் போகும் ஸ்கிரிப்டில் முடிந்தவரை வேண்டாம். கேமராவைச் சொல்லாமலே ஷாட்டைப் படிப்பவர் மனதில் வைக்க முடியும். "ஈரம் காயாத தட்டு" என்று தனி வாக்கியமாக எழுதிவிட்டால் அது குளோசப்தான். "மைதானத்தின் நடுவில் ஒரே ஒரு ஆள்" என்று எழுதினால் அது வைட் ஷாட். ஒரு ஷாட் இல்லாவிட்டால் கதையே புரியாது என்ற இடத்தில் மட்டும் கேமராவை எழுதுங்கள்.

கட் டூ என்று ஒவ்வொரு சீன் முடிவிலும் எழுதத் தேவையில்லை. புது ஹெடிங் வந்தாலே கட் என்று எல்லோருக்கும் தெரியும்.

பேசுபவர் பெயர், அடைப்புக்குறி, வி.ஓ., ஓ.எஸ். இவற்றைக் கொஞ்சம் விளக்குங்கள்.

பெயர் ஸ்கிரிப்ட் முழுவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு இடத்தில் "மீனா", இன்னொரு இடத்தில் "மீனாட்சி" என்றால் இரண்டு நடிகர் என்று கணக்கு போகும். ஒரு பாத்திரம் முதன்முதலில் திரையில் வரும்போது பெயரை அழுத்தமாக எழுதி, வயதையும் அவரைப் பற்றி ஒரு வரியையும் சேர்ப்பது வழக்கம். அந்த ஒரு வரியில் "அழகானவள், துணிச்சலானவள்" என்று குணப்பட்டியல் போடாதீர்கள். "செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் ஓடி வருகிறாள்" என்றால் ஆள் கண்முன் வந்துவிடுவாள்.

பெயருக்கும் வசனத்துக்கும் நடுவே வரும் அடைப்புக்குறி, வசனத்தை எப்படிச் சொல்வது என்பதற்கான குறிப்பு. மேலே "நிமிராமல்" என்று வந்ததே, அது. "கோபமாக", "சோகமாக" என்று ஒவ்வொரு வசனத்துக்கும் போட்டால் இரண்டு அர்த்தம்தான்: ஒன்று, வசனத்தில் அந்தக் கோபம் இல்லை, இல்லாவிட்டால் நடிகரை நீங்கள் நம்பவில்லை. வார்த்தை ஒன்று சொல்ல, தொனி வேறொன்று சொல்ல வேண்டிய இடத்துக்கு அதைச் சேமித்து வையுங்கள்.

பேசுபவர் அதே இடத்தில் இருந்து திரையில் மட்டும் தெரியவில்லை என்றால் ஓ.எஸ். (ஆஃப் ஸ்கிரீன்). குளியலறைக்குள்ளிருந்து கத்துபவர் ஓ.எஸ். பேசுபவர் அந்த இடத்திலேயே இல்லை என்றால் வி.ஓ. (வாய்ஸ் ஓவர்). கதைசொல்லியின் குரல், போனின் மறுமுனை, கடிதம் வாசிக்கும் குரல் எல்லாம் வி.ஓ. முன்னதில் நடிகர் படப்பிடிப்பில் இருந்தாக வேண்டும், பின்னதைப் பெரும்பாலும் பிறகு ஸ்டுடியோவில் பதிவு செய்துகொள்ளலாம். அதனால்தான் இந்த வித்தியாசத்தில் இவ்வளவு கண்டிப்பு. பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் இதைக் குறிக்க வேண்டும்.

வசனத்தை எழுத்துத் தமிழில் எழுதுவதா, பேச்சுத் தமிழிலா?

ஆக்‌ஷன் வரிகள் எழுத்துத் தமிழில், வசனம் பாத்திரம் பேசும் தமிழில். "எழுத்துத் தமிழில் எழுதிக் கொடுத்தால் நடிகர் மாற்றிக்கொள்வார்" என்று விடுவது சரியில்லை. அவர் மாற்றுவது அவருடைய பேச்சாக இருக்கும், பாத்திரத்தின் பேச்சாக இருக்காது.

ஆனால் பேச்சுத் தமிழில் எழுதினாலே வசனம் உயிர் பெற்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேர் மறுக்கிறார்கள். ஒருவர் "நான் எதுவும் பண்ணலைங்க" என்கிறார். இன்னொருவர் "அதுல என் கை படவே இல்ல" என்கிறார். மூன்றாமவர் "யார் சொன்னா?" என்று கேட்கிறார். மூன்றும் பேச்சுத் தமிழ்தான், ஆட்கள் வேறு வேறு. மூன்றாமவர் மறுக்கவே இல்லை என்பதையும் பார்வையாளர் கவனித்துவிடுவார். பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்துப் பாருங்கள். யார் பேசுகிறார் என்று தெரியவில்லை என்றால் எல்லோரும் உங்கள் குரலில் பேசுகிறார்கள்.

பேச்சு வழக்கை எழுத்தில் கொண்டுவரும்போது ஒரு முறையை முடிவு செய்து அதிலேயே இருங்கள். "பண்றேன்", "பன்றேன்", "பண்ணுறேன்" மூன்றும் ஒரே ஸ்கிரிப்டில் வந்தால் படிப்பவர் தடுக்கிக்கொண்டே இருப்பார்.

ஆங்கில ஃபார்மட் அப்படியே தமிழுக்குப் பொருந்துமா?

எல்லாம் பொருந்தாது. ஆங்கிலத்தில் சீன் ஹெடிங்கையும் பேசுபவர் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதுவார்கள், கண்ணில் பளிச்சென்று படும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்பதே இல்லை. ஹெடிங்கை போல்ட் செய்யுங்கள், பெயரை நடுவில் வைத்து போல்டோ அடிக்கோடோ கொடுங்கள். எதை வைத்தாலும் கடைசிவரை அதையே வையுங்கள்.

கூரியர் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் கிடையாது. அதில் தமிழைத் தட்டினால் கணினி சத்தமில்லாமல் வேறு எழுத்துருவுக்குத் தாவிவிடும், வரி இடைவெளி மாறிப்போகும். அதற்குப் பதில் லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தெளிவான ஒரு யூனிகோட் எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருக்கள் வேண்டவே வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் ஸ்கிரிப்ட் அர்த்தமில்லாத குறிகளாகத் திறக்கும், தேடுதலும் வேலை செய்யாது.

ஒரு பக்கம் என்றால் ஒரு நிமிடம் என்கிறார்களே?

அது கூரியர் 12-ஐ நம்பி வந்த கணக்கு. கூரியரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒரு அங்குலத்துக்கு 10 எழுத்து, 6 வரி என்று அளவு மாறாமல் நிற்பதால் பக்கத்தை வைத்து நேரத்தை மதிப்பிட முடிந்தது. 90 முதல் 120 பக்கம் வரை என்றால் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரப் படம் என்பார்கள். ஆங்கிலத்திலும் இது சராசரிதான். "இரு படைகளும் மோதுகின்றன" என்ற ஒரு வரி ஐந்து நிமிடம் ஓடலாம், இரண்டு பேர் படபடவென்று பேசும் ஒரு பக்கம் முப்பது நொடியில் முடியலாம்.

தமிழில் எழுத்துகளின் அகலம் மாறிக்கொண்டே இருக்கும், சொற்களும் நீளம். அதனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. உங்கள் ஸ்கிரிப்டில் பேச்சு அதிகமுள்ள சீன் ஒன்று, செயல் அதிகமுள்ள சீன் ஒன்று என நான்கைந்தை எடுத்து, ஸ்டாப்வாட்ச் வைத்து, வசனத்தை வாய்விட்டுச் சொல்லி, செயல்களை எழுந்து நடந்து செய்து பாருங்கள். உங்கள் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் என்று கிடைத்துவிடும். குறும்படத்துக்கு இது மிக முக்கியம். ஏழு நிமிடம் என்று நினைத்தது பதினைந்து நிமிடம் வந்தால் படப்பிடிப்பு நாட்களும் செலவும் ஏறிவிடும்.

ஒரு சீன் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும்?

எவ்வளவு தாமதமாகத் தொடங்க முடியுமோ அவ்வளவு தாமதமாக. கதவைத் தட்டுவது, "வாங்க", "உட்காருங்க", "தண்ணி குடிக்கிறீங்களா" இவை எல்லாம் போய், வந்த விஷயத்தைப் பேசும் வரியிலேயே தொடங்கினால் பார்வையாளருக்கு ஒன்றும் குறையாது. மாறவேண்டியது மாறியவுடன் வெளியே வந்துவிடுங்கள். எழுதிய சீனின் முதல் இரண்டு வசனத்தையும் கடைசி இரண்டு வசனத்தையும் கையால் மூடிவிட்டுப் படித்தால், பாதி சீன்கள் முன்பைவிட நன்றாக இருக்கும்.

ஃப்ளாஷ்பேக், மாண்டாஜ், போன் உரையாடல் எப்படி எழுதுவது?

ஃப்ளாஷ்பேக்குக்கு ஹெடிங்கிலேயே குறிப்பு கொடுங்கள்: "வெளி. பள்ளி மைதானம் – பகல் – ஃப்ளாஷ்பேக்". நிகழ்காலத்துக்குத் திரும்பும்போதும் மறக்காமல் சொல்லுங்கள். பல காலங்களில் ஓடும் கதை என்றால் வருடத்தையும் ஹெடிங்கில் சேர்த்துவிடுவது நல்லது.

சின்னச் சின்னக் காட்சித் துண்டுகளைக் கோத்து நீண்ட காலத்தைச் சுருக்கிக் காட்டுவது மாண்டாஜ். அப்படித் தலைப்பிட்டு, ஒவ்வொரு துண்டையும் தனி வரியில், இடத்தோடு எழுதுங்கள். "மீனா கஷ்டப்பட்டு முன்னேறுகிறாள் – மாண்டாஜ்" என்று ஒரு வரியில் முடித்தால் அது எழுத வேண்டியதை அடுத்தவர் தலையில் கட்டுவது.

போனில் பேசும் இருவரையும் மாறி மாறிக் காட்டுவதாக இருந்தால், இரண்டு இடத்துக்கும் ஒருமுறை ஹெடிங் கொடுத்துவிட்டு இன்டர்கட் என்று குறித்தால் போதும். ஒருவரை மட்டுமே காட்டுகிறோம் என்றால் மற்றவர் வி.ஓ. அல்லது அவர் பேசுவதே கேட்காமல் எழுதலாம். பாதிப் பேச்சைக் கேட்டு மீதியைப் பார்வையாளர் ஊகிப்பது பல நேரம் அதைவிடச் சுவாரசியம்.

எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

முதலில் எதுவும் வாங்க வேண்டாம். ஃபைனல் டிராஃப்ட் பெரிய தயாரிப்புகளில் பழகிய பெயர், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டியது. எதை எடுத்தாலும் தமிழில் ஒரு சோதனை செய்யுங்கள். கொ, கோ, கௌ, ஸ்ரீ போன்றவை வரும் நான்கு வரி எழுதி, பிடிஎஃப் எடுத்து, போனில் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றால் அது உங்களுக்கு உதவாது.

சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, பிறகு திரைக்கதை வடிவத்துக்கு மாற்றும் ஃபவுண்டன் என்ற முறையும் உண்டு. பல செயலிகள் அதைப் படிக்கும். ஆனால் அது பேசுபவர் பெயரைப் பெரிய எழுத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. தமிழில் அதற்கு வழியில்லாததால் நீங்களே குறி கொடுக்க வேண்டும்: ஹெடிங்குக்கு முன்னால் ஒரு புள்ளி, பெயருக்கு முன்னால் @, ஆக்‌ஷன் வரியைப் பெயர் என்று தவறாக எடுத்துக்கொண்டால் அதன் முன்னால் ஆச்சரியக்குறி. இந்த மூன்றும் தெரிந்தால் தமிழில் தாராளமாக எழுதலாம்.

மூன்று அங்க அமைப்பு கட்டாயமா?

இல்லை. தொடக்கம், சிக்கல் வளர்தல், தீர்வு என்ற பிரிவு எழுதி முடித்ததைச் சோதிக்க நல்ல கருவி. "25-ஆம் பக்கத்தில் இது நடந்தே ஆக வேண்டும்" என்று பக்க எண்ணுக்குச் சம்பவம் வைக்க ஆரம்பித்தால் பாத்திரங்கள் உங்களுக்காக நடப்பார்கள், தங்களுக்காக நடக்க மாட்டார்கள்.

முதல் டிராஃப்ட் முடிந்துவிட்டது. அடுத்து?

சில நாள் தொடாதீர்கள். பிறகு பிரின்ட் எடுத்து, முதல் சுற்றில் கதையை மட்டும் பாருங்கள். எந்த சீனை எடுத்தால் எதுவும் குறையாது? எந்த விஷயத்தைப் பார்வையாளருக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்? அதை முடிக்காமல் வசனத்தைச் செதுக்க உட்காராதீர்கள், நாளை வெட்டப்போகும் சீனுக்கு உழைத்ததாகிவிடும். அப்புறம் நான்கைந்து பேரைக் கூட்டி, ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்காமல், விளக்காமல், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். எந்த வசனத்தில் நாக்கு தடுமாறுகிறது, எந்தப் பக்கத்தில் மற்றவர்கள் போனை எடுக்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டால், அதுவே அடுத்த டிராஃப்டுக்கான வேலைப் பட்டியல்.

யாரிடமாவது கொடுத்தால் கதை திருடு போய்விடாதா?

இந்தப் பயத்தில் யாரிடமும் காட்டாமல் வைத்திருப்பவர்கள் நிறைய. படைப்பாளிகளின் உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில், நீங்கள் எழுதி வைத்த வடிவத்துக்குக் காப்புரிமை (காப்பிரைட்) எழுதியவுடனேயே வந்துவிடுகிறது, பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. ஆனால் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது. "அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை" என்பதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதை நீங்கள் சீன் சீனாக எழுதிய விதம் உங்களுடையது. எனவே வாயால் மட்டும் சொல்லிக்கொண்டு திரியாமல் எழுதி முடியுங்கள். எழுத்தாளர் சங்கத்திலோ காப்புரிமை அலுவலகத்திலோ பதிவு செய்தால் எந்தத் தேதியில் உங்களிடம் இருந்தது என்பதற்குச் சான்று கிடைக்கும். யாருக்கு எப்போது அனுப்பினீர்கள் என்பதை மின்னஞ்சலில் வைத்திருங்கள்.

ஷூட்டிங் ஸ்கிரிப்ட் என்பது வேறா?

ஆம். தயாரிப்புக்குத் தயாரான பிறகு சீன்களுக்கு எண் கொடுத்துப் பூட்டிவிடுவார்கள். அதன்பின் 24-க்கும் 25-க்கும் நடுவே ஒரு சீன் சேர்ந்தால் அது 24ஏ. ஒரு சீன் நீக்கப்பட்டால் அந்த எண் அப்படியே இருக்கும், பக்கத்தில் "நீக்கப்பட்டது" என்று குறிப்பு வரும். எண்களை மாற்றி எழுதினால் ஏற்கெனவே போட்ட அட்டவணை, உடைப் பட்டியல், கிளாப் எண் எல்லாம் குழம்பிவிடும். அட்டவணை போடும்போது ஒவ்வொரு பக்கத்தையும் எட்டாகப் பிரித்து, இந்த சீன் மூன்று எட்டு, அந்த சீன் ஒன்றேகால் பக்கம் என்று கணக்கிடுவார்கள். திருத்திய பக்கங்களை வேறு நிறத் தாளில் கொடுக்கும் வழக்கமும் உண்டு. வெள்ளைக்குப் பிறகு நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்பது பரவலான வரிசை. யார் கையில் பழைய பக்கம் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

இவை எதுவும் இப்போது உங்கள் கவலை இல்லை. படிக்கக் கொடுக்கும் டிராஃப்டில் சீன் எண் கட்டாயமில்லை. போட்டால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அதைச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.